லடாக்கா, ஸ்பித்தியா: லீவு போடுவதற்கு முன் ஓர் அலசல்

லடாக் போகலாமா, ஸ்பித்தி போகலாமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ஊர்களின் படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்துக் குழம்பிப் போனவர்கள். படத்தைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். மரமே இல்லாத பழுப்பு மலை, பாறை உச்சியில் வெள்ளை மடாலயம், கயிற்றில் படபடக்கும் ஐந்து நிறக் கொடிகள், எதிரே வருகிறவர் சொல்லும் 'ஜூலே'. எல்லாமே இரண்டுக்கும் பொது. லடாக் ஒரு யூனியன் பிரதேசம், ஸ்பித்தி இமாச்சலப் பிரதேசத்தின் ஒரு பள்ளத்தாக்கு; இரண்டும் இமயத்தின் மழை மறைவுப் பகுதிகள். லடாக்கின் முக்கிய நகரான லேவில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். சென்னையில் ஓர் அடைமழை நாளிலேயே அவ்வளவு கொட்டிவிடும்.

ஆகவே எது அழகு என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிடலாம். கையில் எத்தனை நாள் இருக்கிறது, உடம்பை எந்த வழியாக மேலே ஏற்றப் போகிறோம்? இந்த இரண்டுக்கும் பதில் சொன்னாலே முக்கால்வாசி முடிவு கிடைத்துவிடும்.

முதலில் உடம்பு

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டெல்லியில் காலை விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். வசதியும் அதுதான், வம்பும் அதுதான். கடல் மட்டத்தில் இருந்த உடம்பு சாப்பாட்டு நேரத்துக்குள் மெல்லிய காற்றுக்குள் போய் நிற்கிறது. முதல் இரண்டு நாள் அறையிலேயே கிடங்கள், மாடிப்படியைக்கூட மெதுவாக ஏறுங்கள் என்று அங்கே எல்லோரும் சொல்வது சும்மா இல்லை. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று தொடங்குவதை அலட்சியப்படுத்தினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். டயமாக்ஸ் மாத்திரை உதவும். ஆனால் அதை டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் இதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஸ்பித்தியின் தலைமை ஊரான காசா லேவைவிடக் கொஞ்சம் உயரம், சுமார் 3,650 மீட்டர். அங்கே விமான நிலையம் கிடையாது. அதனாலேயே அந்தப் பயணம் உடம்புக்கு இதமானது. சிம்லா 2,200 மீட்டர், கின்னோரின் கல்பா 2,900 மீட்டருக்கு மேல், அப்புறம் நாக்கோ, தாபோ, காசா என்று ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டே ஏறலாம். சட்லெஜ் நதியை ஒட்டிப் போய், காப் என்ற இடத்தில் ஸ்பித்தி நதி வந்து கலப்பதைப் பார்த்துவிட்டு, சும்தோ சோதனைச் சாவடி தாண்டினால் ஸ்பித்தி.

இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. ஸ்பித்தி என்றதும் பலர் மணாலி வழியைத்தான் பிடிக்கிறார்கள், ஏனென்றால் தூரம் பாதி. மணாலி 2,000 மீட்டர் சொச்சம். அன்றைக்கே 4,500 மீட்டரைத் தாண்டிய குன்சும் கணவாயைக் கடந்தாக வேண்டும். போதாக்குறைக்கு, வழியில் சந்திரதால் ஏரிக்கரையில் சுமார் 4,250 மீட்டரில் கூடாரம் போட்டு முதல் ராத்திரியைக் கழிக்கும் திட்டத்தை ஏஜென்டுகள் தாராளமாக விற்கிறார்கள். விமானத்தில் லே போவதைவிட இது மோசம். சிம்லா வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குங்கள். சந்திரதால் கடைசியில் வரட்டும். இதை மட்டும் மாற்றாதீர்கள்.

சாலையும் பர்மிட்டும்

லடாக்குக்கு ஸ்ரீநகர் வழியாக ஒரு சாலை, மணாலி வழியாக ஒரு சாலை. இரண்டும் ஏறத்தாழ 420, 430 கிலோமீட்டர். 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு மணாலிப் பக்கம் ரோதாங் கணவாயின் தொல்லை போய்விட்டது. ஆனாலும் பாராலாச்சா லா, லாச்சுலுங் லா, 5,300 மீட்டரைத் தொடும் தங்லங் லா என்ற கணவாய்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஸ்ரீநகர் சாலையில் சோஜிலா ஒன்றுதான் பெரிய கண்டம். மற்றபடி ஏற்றம் சீரானது. சாலை வழியாகத்தான் லடாக் போவேன் என்பவர்களுக்கு நான் ஸ்ரீநகர் பக்கத்தைத்தான் சொல்வேன்.

பரப்பில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. லேயிலிருந்து நூப்ரா, பாங்கோங், ஹன்லே, சோ மோரிரி என்று எந்தத் திசையில் போனாலும் அரை நாள் முதல் ஒரு நாள் வரை வண்டியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லை ஒட்டிய பகுதிகளுக்கு 2021 வரை இந்தியர்களும் இன்னர் லைன் பர்மிட் எடுக்க வேண்டியிருந்தது; கிளம்பும் முன் இப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்ஸிக் கட்டணத்தை உள்ளூர்ச் சங்கம் நிர்ணயிக்கிறது, பேரம் பேச இடமில்லை. வெளியூரில் வாடகைக்கு எடுத்த பைக்கோ காரோ கொண்டுபோய் லேயிலிருந்து சுற்றக் கிளம்பினால் தடுப்பார்கள். நம்மூர் ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். சிலருக்கு இது பெரிய இடி.

ஸ்பித்திக்கு இந்தியர்கள் பர்மிட் எடுக்க வேண்டியதில்லை. கின்னோர் வழியாக வரும் வெளிநாட்டவர்களுக்குத்தான் அது தேவை. கீ, கிப்பர், லாங்சா, ஹிக்கிம், கோமிக் எல்லாமே காசாவிலிருந்து காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பும் தூரத்தில்தான் இருக்கின்றன. ரெக்காங் பியோவிலிருந்து காசா வரை இமாச்சல் அரசுப் பேருந்தும் ஓடுகிறது. ஜன்னல் சீட் கிடைத்தால் அந்தப் பயணமே போதும், காசு கொட்டி வண்டி எடுக்க வேண்டாம். தனியாக, சிக்கனமாகப் போகிறவர்களுக்கு ஸ்பித்தியில் செலவு நிச்சயம் குறைவு. லடாக்கில் நாலு பேர் சேர்ந்து வண்டி எடுத்தால்தான் கட்டுப்படியாகும்.

சாலையின் தரத்தில் லடாக் பல படி மேல். ராணுவத்துக்காக எல்லைச் சாலை அமைப்பு போட்ட தார்ச்சாலைகள் அவை. ஸ்பித்தியின் கிராம்ஃபு – பாத்தல் பகுதியில் சாலை என்று ஒன்று இருப்பதாகச் சொல்வது மரியாதைக்குத்தான். பனி உருகி, சாலையைக் குறுக்கிடும் ஓடைகளான நாலாக்களில் தண்ணீர் மத்தியானத்துக்கு மேல் ஏறிவிடும் என்பதால், விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் கடந்துவிட வேண்டும். முதுகுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

உயரப் போட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மலைகளில் எங்கே திரும்பினாலும் 'உலகிலேயே மிக உயரமான' என்று தொடங்கும் பலகை ஒன்று நிற்கும். கார்துங் லாவில் பல வருடங்களாக நின்ற பலகை 18,380 அடி என்று சொன்னது. உண்மையான உயரம் ஏறத்தாழ 17,580 அடி. ஸ்பித்தியும் சளைத்ததல்ல: காசாவில் பெட்ரோல் பங்க், கோமிக்கில் கிராமம், ஹிக்கிமில் 1983இல் தொடங்கிய தபால் நிலையம், எல்லாவற்றுக்கும் ஒரு பட்டம் உண்டு. பட்டத்தை விடுங்கள், ஹிக்கிமிலிருந்து வீட்டுக்கு ஒரு தபால் அட்டை போடுவதில் சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

மண் சுவருக்குள்ளே

மடாலயங்களை ஒப்பிடும்போதுதான் எனக்குத் தராசு கையில் நிற்க மறுக்கிறது.

லடாக்கில் ஹெமிஸ், திக்சே, லாமாயுரு, திஸ்கித் என்று பெரிய பெயர்கள். ஆனால் நேரம் குறைவாக இருந்தால் நான் அல்ச்சிக்குத்தான் போகச் சொல்வேன். அது மலை உச்சியில் இல்லை. சிந்து நதிக்கரையில், ஆப்ரிகாட் மரங்களுக்கு நடுவே தணிவாக உட்கார்ந்திருக்கிறது. மூன்றடுக்கு சும்செக் கோயிலுக்குள் அவலோகிதேஸ்வரர், மைத்ரேயர், மஞ்சுஸ்ரீ என்ற போதிசத்துவர்கள் மூவரும் மாடியைத் துளைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவலோகிதேஸ்வரரின் வேட்டியில் கோயில்களும் அரண்மனைகளும் விரல் நீள ஓவியங்களாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. காஷ்மீர் ஓவியர்களின் கைவண்ணம் என்பார்கள். காஷ்மீரிலேயே அந்தக் காலத்துச் சுவரோவியம் மிஞ்சவில்லை. அதைப் பார்க்க இப்படி மலைகளுக்கு அப்பால் வர வேண்டியிருக்கிறது.

ஸ்பித்தியின் பதில் தாபோ. 996இல் மேற்குத் திபெத்தின் குகே அரச மரபின் ஆதரவில் எழுந்த மடாலயம், இன்றும் துறவிகள் வாழ்ந்து வழிபடும் இடம். வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றம்தான்: களிமண் பூசிய தட்டையான கட்டடங்கள். உள்ளே குனிந்து நுழைந்து கண் இருட்டுக்குப் பழகினால், சுவரிலிருந்து பாதி வெளியே வந்த சுதைச் சிற்பங்கள் நாலு பக்கமும் நம்மைச் சூழ்ந்து மிதக்கின்றன. நடுவே நாலு திசையையும் பார்த்து அமர்ந்த வைரோசன புத்தர். படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் கூட்டமும் இல்லை. தலாய் லாமா 1996இல் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி இங்கே காலசக்கரப் பிரார்த்தனை நடத்தினார். என் ஓட்டு தாபோவுக்கு, அல்ச்சியை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

மண்ணால் கட்டியவை என்பதால் இரண்டுக்கும் ஒரே எதிரி மழை. மழையே பெய்யாத ஊர் என்று நம்பிப் போட்ட மண் கூரைகள் இப்போதைய மழைக்குத் தாங்குவதில்லை. 2010 ஆகஸ்டில் லேவில் நடந்த மேகவெடிப்பு நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

மக்கள் விஷயத்தில் லடாக் பல நிறம் கொண்டது. லே மாவட்டத்தில் பௌத்தர்கள் அதிகம், கார்கிலில் ஷியா முஸ்லிம்கள். ஷியோக் நதிக்கரையில் துர்துக் கிராமம் 1971 போர் வரை பாகிஸ்தான் வசம் இருந்தது. அங்கே பால்டி மொழி, பால்டி வீடுகள், பால்டி சாப்பாடு. பாங்கோங்குக்கு ஒரு நாளை ஒதுக்குவதைவிடத் துர்துக்குக்கு ஒதுக்கலாம் என்பது என் கட்சி. பாங்கோங் நீலத்தில் குறையே சொல்ல முடியாது, 134 கிலோமீட்டர் ஏரியின் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் ஓர் இந்திப் படத்தின் கடைசிக் காட்சி அங்கே எடுக்கப்பட்டதிலிருந்து, அந்தப் படத்தில் வந்த மஞ்சள் ஸ்கூட்டரைப் போலவே ஒன்றைக் கரையில் நிறுத்தி, அதில் உட்கார்ந்து படம் எடுக்கக் காசு வாங்குகிறார்கள்.

ஸ்பித்தி சின்ன உலகம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை பன்னிரண்டாயிரம் சொச்சம்தான். அதற்குள்ளேயே திபெத்திய பௌத்தத்தின் வெவ்வேறு மரபுகள் உண்டு. கீ மடாலயம் கெலுக் மரபு, கோமிக் சாக்ய மரபு, பின் பள்ளத்தாக்கு முழுக்க நிங்மா. பின் பள்ளத்தாக்கில் புச்சென் என்ற கலைஞர்கள் கூத்துப் போல நடித்து, ஆடி, கடைசியில் ஒருவர் வயிற்றின் மேல் பாறையை வைத்து உடைக்கும் சடங்கைச் செய்வார்கள். லாங்சாவில் சிறுவர்கள் கையில் நத்தை போன்ற கற்களோடு வருவார்கள். இமயம் எழும்புவதற்கு முன் இங்கே இருந்த தெதிஸ் கடலில் வாழ்ந்து கல்லாகிப்போன உயிரினங்கள் அவை. வாங்காதீர்கள், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

தங்குவதில்தான் இரண்டு ஊர்களும் உண்மையாகப் பிரிகின்றன. லே இன்று ஓட்டல்களின் ஊர். குளியலறையில் வெந்நீர், ஃப்ளஷ், இத்தாலிய சாப்பாடு, எல்லாம் கிடைக்கும். பனியாறு உருகி வரும் நீரை நம்பி வாய்க்கால் பாசனம் செய்த ஊரில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகிவிட்டன. பனிக்காலத்து நீரைக் கூம்பாக உறையவைத்து வசந்தத்தில் வயலுக்கு விடும் பனி ஸ்தூபி முயற்சி லடாக்கில் பிறந்ததற்கு விதைக்கும் பருவத்துத் தண்ணீர்த் தட்டுப்பாடுதான் காரணம். ஸ்பித்தியில் இன்னும் ஹோம்ஸ்டேதான் வழக்கம். அடுப்பைச் சுற்றி வீட்டார் உட்காரும் அறையில்தான் நமக்கும் துக்பா என்ற நூடுல்ஸ் சூப் வரும், உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் வரும். பல வீடுகளில் கழிவறை தண்ணீர் இல்லாத பழைய முறைதான்: குழிக்குள் மண்ணும் சாம்பலும் போட வேண்டும், அடுத்த வருடம் அது பட்டாணி வயலுக்கு எருவாகும். இதைச் சகிக்க முடியாத ஆள் உங்கள் குழுவில் இருந்தால் லேக்கு டிக்கெட் போடுங்கள், சண்டை மிச்சம்.

யாருக்கு எது

ஏழு நாள் லீவு, கூடவே அறுபது தாண்டிய அம்மா அப்பா என்றால் லடாக். விமானம் உண்டு, லேவில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை என்று பெரிய ஆஸ்பத்திரி உண்டு, முடியாவிட்டால் அடுத்த நாளே டெல்லிக்குத் திரும்பிவிடலாம். இதய நோயோ நுரையீரல் நோயோ இருப்பவர்கள் கிளம்புவதற்கு முன் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஏழு நாளில் ஸ்பித்தி என்பது வண்டிக்குள்ளேயே குடியிருப்பது. பத்து நாளுக்குக் குறைந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

வானம் பார்க்க வேண்டுமா? இருட்டு இரண்டிலும் இருட்டுதான். ஆனால் லடாக்கின் ஹன்லேக்கு ஈடில்லை. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி நிற்கும் இடம். சுற்றுப்புறத்தை இருண்ட வானக் காப்பகமாக அறிவித்து, கிராமத்து இளைஞர்களுக்குத் தொலைநோக்கி கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். பனிச்சிறுத்தை என்றால் குளிர்காலத்தில் ஸ்பித்தியின் கிப்பர். லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்காவும் பெயர்பெற்றதுதான். இரண்டிலும் பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரியைத் தாங்கத் துணிச்சல் வேண்டும், சிறுத்தை கண்ணில் படும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஜூலை, ஆகஸ்டில் எது என்று கேட்டால் லடாக். மழைக்காலத்தில் கின்னோர் சாலையில் கல் விழுவது சாதாரணம். செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை ஸ்பித்தி. அறுவடை முடிந்திருக்கும், நாலாக்களில் தண்ணீர் இறங்கியிருக்கும், கூட்டமும் கலைந்திருக்கும்.

மூன்று வாரம் கையில் இருக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துவிடலாம். சிம்லா, கின்னோர், காசா, குன்சும், சந்திரதால், கேலாங், அங்கிருந்து பாராலாச்சா வழியாக லே, கடைசியில் லேயிலிருந்து விமானம். வழக்கமாக மணாலியிலிருந்து வருகிறவர்களை 4,300 மீட்டர் உயர சர்ச்சுவில் தங்காமல் ஜிஸ்பாவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். ஸ்பித்தியில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிற உடம்புக்கு சர்ச்சு அவ்வளவு கடினமாக இருக்காது. அங்கே ராத்திரி தங்கினால் மறுநாள் லே வரைக்குமான ஓட்டம் கொஞ்சம் குறையும்.