பட்டறைக்கு பாட்டு செட்டு: ப்ளூடூத்தா, ஹோம் தியேட்டரா, அசெம்பிள் செட்டா?

கோயமுத்தூர்ல கணபதி, பீளமேடு பக்கம் சின்னதா லேத்து பட்டறை வெச்சிருக்கறவங்க கம்மி காசுல பாட்டு செட்டு போடோணும்னா வீட்டுக்கு வாங்கற கணக்குல பாக்கவே கூடாதுங்க. பட்டறையில ஸ்பீக்கருக்கு மொத எதிரி இரும்புத் தூளு. ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்குதுங்களா, கிரைண்டிங் தூளு பறந்து வந்து காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவுல இருக்கற சந்துல ஒட்டிருச்சுன்னா கரகரன்னு ஆரம்பிச்சு கடைசில காயிலையே அறுத்துப்போடும்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் கரண்ட் போனாலும் பாடும், அது ஒண்ணு நெம்ப நல்ல விசயம். ஆனா ஒரே எடத்துல வெச்சு அலற விட்டா பக்கத்து லேத்துக்காரருக்கு காது வலிக்கும், கோடியில ட்ரில்லிங் போடறவருக்கு கேக்காது. திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் கொறைஞ்சுரும், பட்டறைக்குள்ள செவுரு எதிரொலிக்கறதால அவ்வளவு கொறையாட்டியும் பாட்டு தெளிவா வராது.

ஹோம் தியேட்டர்னா டப்பாவுல போட்டிருக்கற பிஎம்பிஓ வாட்ட (ஒரு நொடிக்கு எகிறற உச்சத்த ஊதிச் சொல்ற கணக்கு) நம்பாதீங்க, ஆர்எம்எஸ் (தொடர்ந்து தர்ற நெசமான வாட்) எவ்வளவுன்னு கேளுங்க. பாஸுக்குத்தான் காசு குடுக்கறோம், ஆனா மோட்டார் உறுமற சத்தத்துல அந்த பாஸே அமுங்கிப் போயிருது. திருவிழாவுல கட்டற கொழா (ஹாரன்) ஸ்பீக்கர்னா தூசி தாங்கும், பேச்சு தெளிவா கேக்கும், நாள் பூரா பாட்டு கேக்க ஆகாது.

என்னக் கேட்டா பாகம் பாகமா வாங்கிக் கோக்கற அசெம்பிள் செட்டுதானுங்க. டிடிஏ 2030ங்கற ஆம்ப்ளிஃபயர் ஐசி போட்ட போர்டு, அதுக்கு கரண்ட் குடுக்க 12-0-12 (நடு ஒயருக்கு ரெண்டு பக்கமும் 12 வோல்ட்) டிரான்ஸ்ஃபார்மர், எஃப்எம்மும் ப்ளூடூத்தும் வர்ற ஒரு பிளேயர் போர்டு, அவ்வளவுதான். ஒரு ஐசி 10 வாட் பக்கம் தரும், அது போதும். ஐசி போச்சுன்னா அத மட்டும் மாத்திக்கலாம், மொத்த செட்டையும் தூக்கிப் போடோணும்னு இல்ல. 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டி நாலு வாங்கி ரெண்டு ரெண்டா சீரியல்ல கோத்து, அந்த ரெண்டு ஜோடியையும் பேரலல்ல சேத்துனா மறுபடி 8 ஓம்தான் வரும், ஆம்ப்ளிஃபயருக்கு பாரமில்ல. ஸ்டீரியோ வேண்டாம், மோனோவாவே ஓட்டுங்க, இல்லீனா ஒவ்வொரு மூலையில நிக்கறவருக்கும் பாதிப் பாட்டுதான் கேக்கும். பெட்டிய ஆளு உசரத்துக்கு மேல, கிரைண்டர் இல்லாத செவுத்துல மாட்டி முன்னாடி மெல்லிசு துணி கட்டிருங்க. வெல்டிங் மெஷின் ஓடற லைன்ல இருந்து மட்டும் கரண்ட் எடுக்காதீங்க.

நாலு பெட்டியும் மெதுவா பாடுனா போதும். டூல் மழுங்கறது, பேரிங் போறதெல்லாம் டர்னருங்க (லேத்து ஓட்டறவங்க) காதுலதான் மொதல்ல கண்டுபிடிக்கறாங்க, அத அமுக்கற அளவுக்கு வால்யூம் வெக்கக்கூடாதுங்க.