பேனா டேப்லெட்டும் ஆச்சியின் காதும்: நாலு வருட அனுபவம்

நேற்று சித்தி மகள் போனில் கேட்டாள்: "அக்கா, ஆச்சி படம் வரைஞ்சியே, அந்தப் பேனா டேப்லெட்டை நானும் வாங்கட்டுமா?" கணினியில் கேபிளால் செருகி, பேனாவால் வரையும் பலகை அது. போன வாரம்தான் அதன் யூஎஸ்பி சாக்கெட்டுக்கு 450 ரூபாய் கொடுத்துச் சால்டர் வைத்து வாங்கி வந்தேன். அந்த எரிச்சலோடு பதில் சொல்ல வேண்டாம் என்று இதை எழுத உட்கார்ந்தேன். எரிச்சல் இன்னும் போகவில்லை.

மென்மையான முகம் என்றால், நிறத்தைப் புகை போலத் தூவும் ஏர்பிரஷ் போதும் என்று நினைத்திருந்தேன். தேய்க்கத் தேய்க்க ஆச்சியின் கன்னம் பிளாஸ்டிக் பொம்மையாகிவிட்டது. நிஜத்தில் பேஸ்டல் வண்ணக்கட்டியைச் சொரசொரப்பான தாளில் இழுத்தால் நிறம் மேடுகளில்தான் ஒட்டும், பள்ளங்களில் தாள் எட்டிப் பார்க்கும். அந்தச் சின்னச் சின்ன இடைவெளிதான் கண்ணுக்கு மென்மையாகப் படுகிறது. நான் வரையும் மென்பொருளான கிரிட்டாவில் பிரஷ்ஷுக்கு டெக்ஸ்சர், அதாவது தாளின் சொரசொரப்பு, கொடுத்து, அதன் அளவைப் பேனாவின் அழுத்தத்தோடு இணைத்தால் கிட்டத்தட்ட அதே வேலை நடக்கிறது. லேசாகத் தொட்டால் மேடு மட்டும்; அழுத்தினால் பள்ளமும் நிரம்பும்.

ஆச்சியின் காதுக்கு மட்டும் நாலு மாலை ஆனது. பாம்படம் போட்டுப் போட்டுத் தொங்கிய காது அது. கழற்றி வைத்த பிறகும் வளையம் போலத் தோல் மட்டும் நின்றது. முதலில் துளையைக் கருப்பாக நிரப்பினேன், பொத்தான் மாதிரி இருந்தது. அப்புறம்தான் பழைய போட்டோவை உற்றுப் பார்த்தேன். துளை வழியே தெரிவது கழுத்தின் நிழல். வெயில் பின்னாலிருந்து வருவதால் மெல்லிய தோல் ஓரம் செம்மண் நிறமாகச் சிவந்திருக்கிறது. அந்தச் சிவப்பை ஓரத்தில் வைத்ததும் காது உயிர் பெற்றது.

இப்படி ஒரு கோட்டை இழுக்கும்போதுதான் கேபிள் அசையும். ஒரு நொடி இணைப்பு விட்டுவிட்டு வரும். வந்ததும் கிரிட்டாவுக்குப் பேனா வெறும் மவுஸ் ஆகிவிடும். அழுத்தமே தெரியாது, முழுக் கருப்பில் தடிக்கோடு விழும். பெட்டியில் 8192 அழுத்த நிலை என்று போட்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஒரே ஒரு நிலைதான். டிரைவரை அப்டேட் செய்து, கிரிட்டாவின் அமைப்பில் பேனாவைப் படிக்கும் வழிகளான வின்டேப், விண்டோஸ் இங்க் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் சாக்கெட்தான் ஆடுகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வருடம் போனது.

நியாயமாகச் சொன்னால், பலகையின் மேற்பரப்பு இன்னும் தாள் மாதிரியே கையைப் பிடிக்கிறது. நாலு வருடத்தில் பேனா முனையில் ஐந்து நிப் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான் செலவு.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் கிரிட்டாவின் ரெக்கார்டர். 5.0 பதிப்பில் வந்தது. வரைய வரையப் படங்களாகச் சேமித்து, கடைசியில் வீடியோவாக்கித் தருகிறது. எத்தனையோ மாலை நேர வேலை ஒன்றரை நிமிடத்தில் ஓடியது. அதை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அம்மா பார்த்துவிட்டு, முடிந்த படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நடுவுல ஒரு இடம் வருதே, கண்ணு பாதிதான் தெரியும், அங்க நிறுத்து. அம்மா தூங்கி எழுந்திரிச்ச மாதிரியே இருக்கு" என்றாள். ரெக்கார்டர் ஒவ்வொரு கட்டத்தையும் தனிப் படமாக வைத்திருந்ததால் அதையே எடுத்துப் பிரிண்ட் போட்டேன். முடிக்காத அந்த ஆச்சிதான் இப்போது கூடத்தில் தொங்குகிறாள்.

அதனால் தங்கச்சி, கிரிட்டாவை இன்றைக்கே இறக்கிக்கொள், காசு கிடையாது. இந்த டேப்லெட்டை மட்டும் வாங்காதே. வேறு எதை வாங்கினாலும் கடையிலேயே கேபிளைச் செருகி ஆட்டிப் பார்.

நான் தாத்தாவின் மீசையைத் தொடங்கிவிட்டேன், இதே டேப்லெட்டில்தான். கேபிளை மேசையோடு டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.