ஹாட் ராடை எங்கே ஏலத்துக்கு விடுவது: மேடையிலா, இணையத்திலா?

பழைய மாடல் காரை வேறு இன்ஜினும் பாகங்களும் போட்டு மாற்றிக் கட்டினால் அது ஹாட் ராட். அப்படிக் கையால் கட்டிய ஹாட் ராடை ஏலத்தில் விற்க நினைக்கும் அமெரிக்கக்காரர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களைச் சொல்வார்கள். ஜனவரியில் ஸ்காட்ஸ்டேலில் நடக்கும் பேரட்-ஜாக்சன், கிஸ்ஸிமி, இண்டியானாபோலிஸ் என்று ஊர் ஊராகப் போகும் மீகம், முழுக்க இணையத்திலேயே நடக்கும் பிரிங் எ டிரெய்லர். என்னிடம் இருந்தது 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர், அதாவது திறந்த கார். புதிதாக அடித்த ஸ்டீல் பாடி, ஷெவி 350 இன்ஜின், பின்னால் ஃபோர்டு 9 அங்குல ஆக்ஸில். மூன்றையும் விசாரித்துவிட்டு இணையத்தில்தான் விற்றேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஒளிக்க ஒன்றுமில்லை.

கட்டண விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மேடை ஏலங்களில் வாங்குபவர் ஏலம் முடிந்த விலைக்கு மேல் சுமார் 10 சதவீதம் கட்ட வேண்டும். விற்பவரிடம் நுழைவுக் கட்டணமும் கமிஷனும் தனியாக வாங்குவார்கள். 50,000 டாலருக்குச் சுத்தியல் விழுந்தால் வாங்குபவர் பையிலிருந்து 55,000 போகும், விற்பவர் கைக்கு 50,000 கூட வராது. ஏலம் கேட்பவர் அந்த 10 சதவீதத்தை மனதில் கழித்துக்கொண்டுதான் கையைத் தூக்குவார். இணையத்தில் வாங்குபவர் தருவது 5 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. விற்பவர் சாதாரணப் பட்டியலுக்கு 99 டாலர் கட்டினால் போதும், கமிஷன் இல்லை. மேடை என்றால் மூடிய டிரெய்லரும் ஓட்டல் அறையும் வேறு. கட்டணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் பதியும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ரிசர்வ், அதாவது இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று விற்பவர் வைக்கும் குறைந்தபட்ச விலை. பேரட்-ஜாக்சனில் பெரும்பாலான கார்கள் ரிசர்வ் இல்லாமல்தான் மேடையேறும்; வந்த விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். மீகமில் ரிசர்வ் வைக்கலாம். மேடையில் விலை படியாவிட்டாலும், 'பிட் கோஸ் ஆன்' என்று பிறகும் பேரம் தொடரும். இணையத்திலும் ரிசர்வ் உண்டு. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஸ்டாக் காருக்கு ரிசர்வ் இல்லாவிட்டாலும் பெரிய ஆபத்தில்லை. 1969 ஷெவி கமாரோ அடிமாட்டு விலைக்குப் போவதற்குள் எந்த வியாபாரியாவது கை தூக்கிவிடுவார், அவருக்கு அதன் மார்க்கெட் விலை தெரியும். என் ரோட்ஸ்டருக்கு அப்படி ஒரு விலைப்பட்டியல் கிடையாது. அதைப்போல இன்னொன்று இல்லை, அதுதான் சிக்கலே. அன்றைக்குக் கூடாரத்தில் அந்த நிறமும் அந்த உயரமும் பிடித்த இரண்டு பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர்தான் வந்திருக்கிறார் என்றால், கட்டிய செலவில் பாதி திரும்பினாலே அதிர்ஷ்டம்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது ரிசர்வும் இல்லை, கமிஷனும் இல்லை. காரை விளக்கிச் சொல்லக் கிடைக்கும் நேரம்.

நம்பர் மேட்சிங் காருக்கு, அதாவது பிறக்கும்போது போட்ட இன்ஜினோடே இருக்கும் காருக்கு, ஜாதகம் உண்டு. இன்ஜின் பிளாக்கில், கௌல் டேக் என்ற தகட்டில் அடித்த எண்களைப் பார்த்தே அது எங்கே பிறந்தது, எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடலாம். ஹாட் ராடில் அதெல்லாம் கிடையாது. யாரோ ஒருவர் தன் காரேஜில் வெல்டு வைத்திருக்கிறார், யாரோ பிரேக் லைனை வளைத்திருக்கிறார். அந்தக் கையை நம்பி மணிக்கு 70 மைலில் போகலாமா என்பதுதான் வாங்குபவரின் ஒரே கேள்வி. மேடையில் அதற்குப் பதில் சொல்ல இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும், அதுவும் ஏலம் விடுபவர் வாயால். கிஸ்ஸிமியில் ஒரே ஏலத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் வரிசையில் நிற்கும்போது அவரும் என்ன செய்வார்? வருடம், இன்ஜின், தோல் சீட், அவ்வளவுதான். முன்கூட்டியே வந்து டார்ச்சோடு தரையில் படுத்துப் பார்க்கிறவர்களும் உள்ளே இரும்பா பூச்சா என்று காந்தத்தைக் கதவில் ஒட்டிப் பார்க்கிறவர்களும் உண்டுதான். ஆனால் ஓட்டிப் பார்க்க வழியில்லை.

இணையத்தில் பொதுவாக ஏழு நாள் கிடைக்கிறது. என் ஏலத்தில் ஒருவர் கேட்டது இது: "முன்னால் பான்ஹார்டு பார் இருக்கிறதா?" ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடித்து வைக்கும் தண்டு அது. சரியான கேள்வி. என் காரில் இருந்தது ஷெவி வேகா காரின் ஸ்டீயரிங் பாக்ஸ், அதன் இணைப்புத் தண்டு குறுக்காகப் போகும். முன் ஆக்ஸிலோ குறுக்கே வைத்த ஒற்றை லீஃப் ஸ்பிரிங்கில் ஷாக்கிள் என்ற அசையும் இணைப்பு போட்டுத் தொங்குகிறது. பார் இல்லையென்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்கு முன் ஆக்ஸிலே பக்கவாட்டில் நகரும். ஓட்டுகிறவருக்கு வண்டி அலைபாய்வது போல இருக்கும். நண்பரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, கீழே படுத்து அந்த பாரை வீடியோ எடுத்துப் போட்டேன். கேட்டவரே அப்புறம் ஏலத்தில் இறங்கினார். கடைசியில் காரை வாங்கியது அவர் இல்லை, ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்த வேறொருவர். இறுதி இரண்டு நிமிடத்துக்குள் யாராவது விலை கேட்டால் கடிகாரம் மறுபடி இரண்டு நிமிடத்துக்குத் திரும்பும். அதனால் யோசிக்கிறவருக்கும் இடம் இருக்கிறது.

டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திர விவகாரமும் இதே கணக்குதான். பாடி புதிது, சேஸிஸ் புதிது, ஆனால் டைட்டிலில் '1932 ஃபோர்டு' என்று மட்டும் இருந்தால் அது வில்லங்கம். எப்படிப் பதிந்திருக்கிறது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியாக்காரர் வாங்கினால் புகைச் சோதனை பற்றிக் கட்டாயம் கேட்பார். அங்கே இப்படித் தனியாகக் கட்டிய வண்டிகளில் வருடத்துக்கு 500க்கு மட்டும்தான் எஸ்பி 100 சட்டத்தில் சலுகை. இதையெல்லாம் மேடையில் யார் விளக்குவது?

இணையத்தில் தொல்லையும் இருக்கிறது. வாரம் முழுக்க போனும் கையுமாக இருக்க வேண்டும். கேலி செய்பவர்களுக்கும் நிதானமாகப் பதில் எழுத வேண்டும். பணம், டைட்டில், லாரி எல்லாம் நீங்களும் வாங்குபவரும் பேசித் தீர்த்துக்கொள்வது. மேடை ஏலத்தில் காகித வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அது பெரிய நிம்மதிதான்.

பெயர் பெற்ற பில்டர் கட்டிய கார் என்றால் கதையே வேறு. பேட்மேன் டிவி தொடருக்காக ஜார்ஜ் பேரிஸ் கட்டிய பேட்மொபைல் 2013இல் பேரட்-ஜாக்சன் மேடையில் 42 லட்சம் டாலருக்குப் போனது, கட்டணம் சேர்த்து 46.2 லட்சம். அதே பேரிஸ் பட்டறையில் உருவான ஹிரோஹாட்டா மெர்க்குரி 2022இல் மீகம் கிஸ்ஸிமியில் 21 லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கார்களுக்கு விளக்கம் தேவையில்லை, கூட்டம்தான் தேவை. தனிப்பயன் கார்களுக்கான ரிட்லர் விருது வாங்கிய காருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த உயரத்தில் நான் எதையும் விற்றதில்லை, அதனால் இதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு: 90களின் ஸ்ட்ரீட் ராட். வெளிர் நிறம், கைப்பிடி இல்லாத கதவு, எங்கு பார்த்தாலும் பளபளக்கும் பில்லெட் அலுமினியம். என் கண்ணுக்குப் பட்டவரை இணையக் கூட்டம் பழைய பாணிக் கார்களுக்குத்தான் உருகுகிறது, இவற்றைக் கண்டுகொள்வதில்லை. என்னிடம் அப்படி ஒன்று இருந்தால் ரிசர்வ் வைத்து மீகமுக்குத்தான் கொண்டுபோவேன், அதுவும் சனிக்கிழமை மதிய நேரம் கிடைத்தால். கூட்டம் சேராத காலை நேரத்தைக் கொடுத்தார்கள் என்றால் டிரெய்லரில் ஏற்றவே மாட்டேன்.