ஒரே பட்ஜெட், இரண்டு கேமிங் பிசி: பழைய போர்டில் பெரிய கார்டா, புது போர்டில் சின்னக் கார்டா?

மானிட்டரைத் தவிர்த்துக் கையில் ஒரு லட்சம் ரூபாய், கொஞ்சம் முன்னே பின்னே. அதற்குள் புதிதாக வரும் கேம்களை நல்ல செட்டிங்கில் ஓட்டும் பிசி வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் சரி, ஆன்லைனில் பாகம் பாகமாகத் தேடினாலும் சரி, இன்றைய நிலவரத்தில் கணக்கு இரண்டு வழிகளில் வந்து நிற்கிறது.

முதல் வழி: ரைசன் 5 5600 ப்ராசசர், பி550 போர்டு, டிடிஆர்4 ரேம். எல்லாமே ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) குடும்பம். அங்கே மிச்சமாகும் பணத்தைச் சேர்த்து ஆர்எக்ஸ் 9070 கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டாம் வழி: ரைசன் 5 7600, பி650 போர்டு, டிடிஆர்5 ரேம் என்று புது ஏஎம்5 அஸ்திவாரம். கார்டு மட்டும் ஒரு படி கீழே இறங்கி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி.

கேட்டுப் பார்த்தால் பலரும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். முடிந்துபோன சாக்கெட்டில் ஏன் பணத்தைப் போடுகிறாய் என்பார்கள். கதை ஓட்டமுள்ள பெரிய கேம்களை 1440பி (2560×1440) திரையில் ஆடுபவருக்கு முதல் வழிதான் சரி என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரையில் மாறும் ஒவ்வொரு படத்திலும்) யார் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பொருள் எப்படி நகர்கிறது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது ப்ராசசர். அதைத் திரையில் வரைவது கார்டு. 1920×1080 திரையில் ஒரு ஃபிரேமுக்கு 20.7 லட்சம் பிக்சல், 2560×1440 திரையில் 36.9 லட்சம், 4கே என்றால் 82.9 லட்சம். திரை பெரிதாக ஆக கார்டின் வேலைதான் ஏறுகிறது. ப்ராசசரின் வேலை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. அதனால் 1440பி-யில் சைபர்பங்க் 2077 போன்ற கேமை உயர் செட்டிங்கில் ஓட்டும்போது பெரும்பாலான நேரம் ப்ராசசர் கார்டுக்காகக் காத்திருக்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். கேம் ஓடும்போது திரை மூலையில் ஓவர்லே (வேகம், பயன்பாடு காட்டும் சிறு பட்டி) போட்டு, ஜிபியு, அதாவது கார்டின் பயன்பாடு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 97, 98 என்று நின்றால் கார்டுதான் எல்லை. வேறு ப்ராசசர் போட்டு ஒன்றும் ஆகாது. 60, 70 என்று தொங்கினால் ப்ராசசர் பின்தங்குகிறது. செட்டிங்கைக் குறைத்தும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) ஏறவில்லை என்றாலும் அதே அர்த்தம்தான். இந்தச் சோதனையைப் பழைய பிசியில் ஒரு முறை செய்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

இப்போது இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 9060 எக்ஸ்டியில் 32 கம்ப்யூட் யூனிட் (கணக்குப் போடும் பகுதிகள்), 128 பிட் மெமரி பாதை. 9070-இல் 56 யூனிட், 256 பிட். மெமரி அளவு இரண்டிலும் 16 ஜிபிதான், ஆனால் அதை எடுத்துப் போடும் வேகம் 9070-இல் இரண்டு மடங்கு. 1440பி-யில் பெரிய கேம்களில் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வருகிறது. ஒன்றில் 60 ஓடும் இடத்தில் மற்றதில் 90. ப்ராசசர் பக்கம் பார்த்தால் 5600, 7600 இரண்டுமே 6 கோர், 12 த்ரெட், 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி). 7600 புது வடிவமைப்பு, உச்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ், 5600-க்கு 4.4. வேறுபாடு உண்மையானதுதான். ஆனால் கார்டு முழுமூச்சாக ஓடும் இடத்தில் அது திரையில் தெரியவே தெரியாது.

எதிர்காலம் என்ன ஆகும்? ஏஎம்5 2022-இல் வந்த சாக்கெட். 2027-க்கு அப்பாலும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று 7600 வாங்குபவர் நாளை அதே போர்டில் 9800எக்ஸ்3டி மாட்டலாம். ஏஎம்4-இல் அந்த வசதி குறைவு. அதன் சிறந்த கேமிங் ப்ராசசரான 5800எக்ஸ்3டி புதிதாகக் கிடைப்பதே இப்போது அரிது. இரண்டாம் வழியின் பலம் இதுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் ஒன்றை யோசியுங்கள்: 9070 கார்டு எந்த போர்டிலும் உட்காரும். இரண்டு மூன்று வருடம் கழித்து ஏஎம்5-க்கோ அதற்கு அடுத்ததற்கோ மாறும்போது கார்டு கூடவே வரும். கேபினட், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), எஸ்எஸ்டி எல்லாம் கூடவே வரும். விற்க வேண்டியது போர்டு, ப்ராசசர், ரேம் மூன்று மட்டும். அந்த மூன்றுக்கும் நீங்கள் போட்டதே குறைந்த பணம்தான்.

ரேம் விலை இந்தக் கணக்கை இன்னும் ஒரு பக்கம் சாய்க்கிறது. 2025 இறுதியில் ஏஐ சர்வர்களுக்கான தேவை மெமரி உற்பத்தியை இழுத்துக்கொள்ள, ரேம் விலை உலகம் முழுக்க எகிறியது. மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் க்ரூஷியல் என்ற தன் நுகர்வோர் பிராண்டையே விட்டு விலகுவதாக அறிவித்தது. டிடிஆர்4 விலையும் ஏறத்தான் செய்தது. ஆனால் டிடிஆர்4-க்குப் பழைய பிசிகளில் இருந்து கழற்றிய ஸ்டிக்குகள் ஏராளம். வீட்டிலோ நண்பரிடமோ ஒரு ஜோடி இருந்தால் அந்தச் செலவே இல்லை. டிடிஆர்5-க்கு அந்த வாய்ப்பு கம்மி.

ஏஎம்5 பக்கம் போகிறவர்களுக்கு ரேமில் ஒரு எச்சரிக்கை. "இப்போ ஒரு ஸ்டிக் போடுங்க சார், அப்புறம் சேத்துக்கலாம்" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். ஒற்றை ஸ்டிக் என்றால் மெமரியின் வேகம் பாதியாகிறது, கேமில் அது நன்றாகவே தெரியும். பிறகு நான்கு ஸ்டிக் ஆக்கலாம் என்றாலும் நடக்காது. ரைசன் 7000 வரிசையில் நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600-க்கு இறங்கிவிடுகிறது. ஆரம்பத்திலேயே இரண்டு 16 ஜிபி ஸ்டிக், 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு, குறைந்தால் நல்லது) என்று ஜோடியாக வாங்குங்கள். வாங்கியதும் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) எக்ஸ்போ என்ற, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் வசதியை ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் அந்த ரேம் 4800 போன்ற அடிப்படை வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ஓடும் வேகம் தெரியும். பிசியைக் கையில் வாங்கும் முன் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லலாம்.

ஆனால் வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மட்டுமே ஆடுபவர், 1080பி-யில் 240 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவர் என்றால் நான் சொன்ன அத்தனையும் தலைகீழ். அங்கே கார்டுக்கு வேலை குறைவு, ப்ராசசர்தான் எல்லை. அவர்கள் தயங்காமல் ஏஎம்5 எடுக்கலாம். 9060 எக்ஸ்டிகூட அவர்களுக்குத் தாராளம். மிஞ்சும் பணத்தைச் சேர்த்து வைத்துப் பிறகு 7800எக்ஸ்3டிக்குப் போகலாம். அதில் எல்3 கேஷ் 96 எம்பி, இப்படிப்பட்ட கேம்களில் அந்தக் கேஷ் தரும் வேகம் கொடுத்த பணத்துக்குத் தகும்.

இன்டெலில் ஐ5 12400எஃப், டிடிஆர்4 போர்டோடு, 5600-க்கு நேர் போட்டி. விலை குறைவாகக் கிடைத்தால் எடுக்கலாம், தப்பில்லை. அதே போர்டில் பிறகு 13, 14-ஆம் தலைமுறைக்குப் போகும் எண்ணம் இருந்தால், அவற்றின் உயர்ரக மாடல்களில் வோல்டேஜ் சிக்கல் வந்து 2024 ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோடு (ப்ராசசரின் உள் நிரல்) திருத்தம் வெளியிட்டதை நினைவில் வைத்து, பயாஸைப் புதுப்பித்த பிறகே மாட்டுங்கள்.

இனி கார்டில் ஏஎம்டியா என்விடியாவா? 9070-க்கு எதிராக நிற்பது ஆர்டிஎக்ஸ் 5070. இரண்டும் 2025 மார்ச்சில் ஒரே 549 டாலர் அறிவிப்பு விலையில் வந்தவை. 5070-இல் 12 ஜிபி, 250 வாட். 9070-இல் 16 ஜிபி, 220 வாட். சாதாரண ரெண்டரிங்கில் 9070 கொஞ்சம் முன்னே. பாத் ட்ரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) என்று வந்தால் 5070 முன்னே. குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இருக்கும் கேம்களின் எண்ணிக்கையும் அதிகம். அதற்கு நிகரான ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 படத்தரத்தில் நன்றாகவே நெருங்கிவிட்டது, ஆனால் கேம்களுக்குள் அது பரவுவது மெதுவாகத்தான் நடக்கிறது. பகலில் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளோ, என்விடியாவின் குடா கேட்கும் வேறு மென்பொருளோ ஓட்டுபவர் என்றால் யோசிக்காமல் 5070. ஆட்டம் மட்டும்தான் என்றால் எனக்கு அந்த 16 ஜிபிதான் பெரிது. 2023-இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டுகள் என்ன பாடு பட்டன என்று பார்த்தோம். மெமரி போதாமல் போனால் எஃப்பிஎஸ் சீராகக் குறையாது, திணறித் திணறி நிற்கும், ஆடவே பிடிக்காது. இதே காரணத்துக்காக 9060 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ இரண்டிலும் 8 ஜிபி பதிப்பைத் தொடாதீர்கள். பெட்டியில் பெயர் ஒன்றாகவே இருக்கும், மெமரி அளவை மட்டும் தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டுக்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு. 5060 டிஐ வேகத்தில் சற்று முன்னே நின்றாலும், அது பயன்படுத்துவது 8 பிசிஐஇ பாதைகள் (போர்டுக்கும் கார்டுக்கும் இடையிலான டேட்டா வழி) மட்டும்தான். 9060 எக்ஸ்டி 16 பாதைகளையும் பயன்படுத்துகிறது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பி450 அல்லது ஏ520 போர்டில் பிசிஐஇ 3.0 மட்டுமே உண்டு. அதில் 8 பாதை என்றால் கார்டுக்குக் கிடைக்கும் வழி இன்னும் குறுகும். பழைய போர்டில் கார்டு மட்டும் மாற்றுகிறவர்களுக்கு அதனால் 9060 எக்ஸ்டிதான் பொருத்தம்.

பழைய கார்டு வாங்கலாமா என்றால், ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி பக்கம் மட்டும் போகாதீர்கள். 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள், இந்தக் கார்டுகளில் இல்லாத ரே ட்ரேசிங் (ஒளிக் கணக்கு) வன்பொருள் இல்லாமல் ஓடாது.

எஸ்எஸ்டியில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஜென் 4 (நான்காம் தலைமுறை பிசிஐஇ) என்விஎம்இ, 1 டிபி போதும். ஜென் 5-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் கேம் லோடாகும் நேரத்தில் பெரிதாகத் தெரியாது.

எஸ்எம்பிஎஸ் மட்டும் வேறு கதை. கொட்டேஷனில் மற்ற எல்லாவற்றுக்கும் மாடல் பெயர் போட்டுவிட்டு, இங்கே மட்டும் "650 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று மொட்டையாக எழுதியிருப்பார்கள். பிராண்டு, மாடல் இரண்டையும் எழுதி வாங்குங்கள். 80 பிளஸ் ப்ரான்ஸ், கோல்டு என்பவை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்று சொல்லும் முத்திரைகள். உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று அவை சொல்வதில்லை. ஐந்து வருடமோ அதற்கு மேலோ வாரண்டி தரும் 650 வாட் யூனிட் 9070-க்குப் போதும்.

அப்புறம் யுபிஎஸ். நம் ஊரில் அது இல்லாமல் முடியாது. ஆனால் பழைய பிசிக்கு வாங்கிய 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட்டோடு நின்றுவிடும். 9070 கார்டுக்கு 220, ப்ராசசருக்கு 88 வரை, போர்டும் விசிறிகளும் மானிட்டரும் சேர்ந்தால் 400 வாட்டைத் தொடும். ஆட்டத்தின் நடுவே கரண்ட் போனால் பேட்டரிக்கு மாறும் அந்த நொடியிலேயே யுபிஎஸ் அணைந்துவிடும். 1000 விஏ அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டும், இந்தச் செலவையும் அந்த ஒரு லட்சத்துக்குள் முதலிலேயே எழுதிவிடுங்கள். 9060 எக்ஸ்டி 160 வாட்தான். இருக்கும் யுபிஎஸ்ஸையே ஓட்ட வேண்டிய நிலை என்றால் இரண்டாம் வழிக்கு இது ஒரு நியாயமான காரணம், ஆனாலும் 360 வாட் என்பது அதற்குமே நெருக்கடிதான்.

கேபினட் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை வைத்ததாக எடுங்கள். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் 300 வாட் சூடு வெளியேற வழி வேண்டும். பில்லில் கார்டின் சீரியல் நம்பர் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பில் இல்லாமல் இரண்டாயிரம் மூவாயிரம் குறைத்துத் தருவதாகச் சொல்லும் கார்டுகளில், வெளிநாட்டில் வாங்கி வந்தவையும் உண்டு. அவற்றுக்கு இங்கே வாரண்டி கிடைக்காமல் போகலாம்.