அலைனர் பயிற்சி என்று சொல்லி 285,000 ரூபா: யாழ்ப்பாணத்துப் பல் வைத்தியர்கள் தயவுசெய்து வாசிக்கவும்

பணம் திரும்பி வராது என்று இன்று காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தச் சூடு ஆற முதல் இதை எழுதிவிட வேண்டும். கிளியர் அலைனர் (கம்பிக்குப் பதிலாகப் பல்லை நகர்த்தப் போடுகிற, கழற்றக்கூடிய தெளிவான பிளாஸ்டிக் தட்டுகள்) சிகிச்சைத் திட்டமிடலும், விசை பல்லை எப்படி நகர்த்துகிறது என்கிற பயோமெக்கானிக்ஸும் கற்பிக்கிறோம் என்று சொல்லி ஓர் இணையப் பயிற்சித் தளம் என்னிடம் 285,000 ரூபா வாங்கியது. எதற்காக அந்தக் காசைக் கட்டினேனோ அந்த ஒன்று நடக்கவே இல்லை. இப்போது அதே ஆட்கள் அடுத்த தொகுதிக்கு ஆள் சேர்க்கிறார்கள். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்புப் பக்கத்து இளம் வைத்தியர்களின் வட்ஸ்அப்புக்குத் தமிழிலேயே செய்தி போகிறது.

நான் பல் சீரமைப்பு வைத்திய நிபுணர். நான் மேற்படிப்புப் படித்த காலத்தில் கையைப் பழக்கியது முழுக்கக் கம்பியில்தான். இப்போது கிளினிக்குக்கு வருகிற பிள்ளைகள், கனடாவிலும் லண்டனிலும் உள்ள மச்சாள்மாரின் வாயைப் பார்த்துவிட்டு, "கம்பி வேண்டாம் டொக்டர், அந்தத் தெரியாத மாதிரிப் போடுறது இருக்குத்தானே" என்று கேட்கிறார்கள். 1997 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அலைன் டெக்னோலொஜியிடம்தான் நெடுங்காலம் இந்த வேலை இருந்தது. 2017 இலிருந்து அதன் முக்கியமான காப்புரிமைகள் காலாவதியாகத் தொடங்க, அலைனர் செய்கிற கொம்பனிகள் பெருகின. கூடவே பயிற்சி விற்கிறவர்களும் பெருகினார்கள்.

பயிற்சி தேவையா என்று கேட்டால், கட்டாயம் தேவை. கம்பியில் பழகியவருக்கு அலைனர் வேறு கணக்கு. கம்பி, பல்லில் ஒட்டிய பிரக்கெட்டைப் பிடித்துக்கொண்டு இழுக்கும். அலைனருக்குத் தள்ளத்தான் தெரியும். ஒரு தட்டுக்குப் பல் கிட்டத்தட்ட 0.25 மில்லிமீற்றர் நகரும்படி திட்டம் போடுவோம். அதுவும் நோயாளி ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணித்தியாலம் போட்டிருந்தால்தான். கணினித் திரையில் பற்கள் அழகாக வரிசைக்கு வந்து நிற்கும். ஆனால் அந்த அசைபடம் காட்டுவது நாம் கேட்டதை. எலும்பு தரப்போவதை அல்ல. கிராவிட்ஸும் கூட்டாளிகளும் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், திட்டமிட்ட அசைவில் சராசரியாக 41 வீதம்தான் வாயில் நடந்திருந்தது. முரசிலிருந்து பல்லை வெளியே கொண்டுவருகிற அசைவில் 29.6 வீதம் மட்டும். 2020 இல் புதிய பிளாஸ்டிக்கோடு திரும்பவும் பார்த்தார்கள், சராசரி 50 வீதத்துக்குத்தான் வந்தது. மிச்சத்தை ஈடுசெய்வது திட்டம் போடுகிறவரின் மூளை. எங்கே அட்டாச்மென்ட் (தட்டு பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டுகிற சின்னப் புடைப்பு) ஒட்டுவது, எந்தப் பல்லை முதலில் நகர்த்துவது, எங்கே கூடுதலாகத் திருத்தி வைப்பது, பற்களுக்கு இடையில் எவ்வளவு தேய்ப்பது என்பதையெல்லாம் புத்தகத்தில் வாசிக்கலாம். ஆனால் தன் நோயாளியின் திட்டத்தை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்து, "இது வராது, ஏனென்றால் இது" என்று சொல்லும்போதுதான் பிடிபடும். நான் தேடியது அதைத்தான்.

இவர்கள் ஆளைப் பிடிக்கிற இடம் இலவச வகுப்பு. அந்த வகுப்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு ஞாயிறு இரவு, ஆங்கிலத்தில். விரிவுரையாளர் ஸ்லைட் ஒன்றும் போடவில்லை. வெள்ளைப் பலகையில் ஒரு வேட்டைப்பல்லைக் கீறி, அதன் வேரில் ஒரு புள்ளி வைத்தார். அதுதான் பல்லின் எதிர்ப்பு மையம், நம் கை எட்டுவதோ முரசுக்கு வெளியே தெரிகிற பகுதிக்கு மட்டும் என்றார். நிற்கிற அலுமாரியை மேல்தட்டில் கைவைத்துத் தள்ளினால் அது நகராது, சாயும். பல்லும் அப்படித்தான். சாயாமல் நேராக நகர வேண்டுமென்றால் விசையோடு எதிர்ப்பக்கமாக ஒரு திருப்பமும் வேண்டும். ஒற்றை வேர்ப் பல்லில் அந்தத் திருப்பத்துக்கும் விசைக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்டப் பத்துக்கு ஒன்று. பிறகு பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்: வழுக்குகிற ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தட்டு அந்தத் திருப்பத்தை எங்கிருந்து கொடுக்கும்? முன்கடைவாய்ப்பல் பிடுங்கிய வாயில் இடைவெளியை மூடப் போகும்போது தட்டு வளைந்துகொடுப்பதும், முன்பற்கள் உள்ளே சாய்வதும், கடைவாய்ப்பற்கள் இடைவெளிக்குள் விழுவதும், பக்கத்தில் கடி திறந்துபோவதும் ஏன் என்று அந்த ஒரே படத்திலிருந்து விளக்கி முடித்தார். விசையும் திருப்பமும் நான் படித்ததுதான். அலைனரோடு சேர்த்து அவ்வளவு தெளிவாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த இரவே எனக்கு அவரிடம் படிக்க வேண்டும் என்று இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் ஒருங்கிணைப்பாளர் அழைத்தார். தமிழ், அதுவும் எங்கள் ஊர்த் தமிழ். "டொக்டர் யாழ்ப்பாணமோ? எங்கட அம்மான்ரை ஊர் உரும்பிராய்" என்று தொடங்கினார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். காணொளி பார்க்க எனக்கு ஆள் தேவையில்லை, என் கேஸைப் பார்க்கத்தான் ஆள் தேவை என்றேன். அதற்கு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ டொக்டர். உங்கட மூண்டு கேஸையும் சேர்தானே இருந்து பார்ப்பார். ஒவ்வொரு ஸ்டேஜா உங்களோட கதைப்பார்." நேற்றுப் பாடம் எடுத்த அதே சேரா என்று கேட்டேன். "ஓம், அவர்தான்" என்றார். அந்த ஓமுக்குத்தான் நான் 285,000 ரூபா கட்டினேன்.

கட்டுகிற இடத்திலும் ஒரு வேலை செய்தார்கள். "கார்ட்டிலை கட்டினா டொலர் கணக்கு, கூட வரும் டொக்டர். கொழும்பிலை எங்கட பிரதிநிதியின்ரை கணக்கு இருக்கு, அதுக்குப் போடுங்கோ, பத்து வீதம் குறைச்சுத் தாறம்" என்றார்கள். பற்றுச்சீட்டு வட்ஸ்அப்பில் ஒரு படமாக வந்தது.

அதற்குப் பிறகு திறந்த பாடங்களைச் சொல்லவே கோபம் வருகிறது. பெரும்பாலானவை எங்கோ நடந்த மாநாடுகளின் பழைய பதிவுகள், சில அலைனர் கொம்பனிகளின் விற்பனைப் பேச்சுகள். பயோமெக்கானிக்ஸ் என்று பெரிதாக விளம்பரம் செய்த பகுதியைத் திறந்தால், நான் இலவசமாகப் பார்த்த அதே வெள்ளைப் பலகை வகுப்பைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்புக் கொடுத்துப் போட்டிருந்தார்கள். திட்டமிடல் மென்பொருள் தருவதாகச் சொன்னது, அலைனர் செய்கிற எந்த ஆய்வுகூடமும் சும்மா தருகிற பார்வையிடும் இணைப்பு. அந்த விரிவுரையாளரின் முகத்தை நான் அதற்குப் பிறகு காணவில்லை.

சரி, கேஸ் பார்ப்பார்கள்தானே என்று முதல் கேஸை அனுப்பினேன். ஒரு பல்கலைக்கழக மாணவி. மேல்தாடையில் வலது பக்க வெட்டுப்பல், பக்கத்துப் பற்களைவிட மேலே ஏறி நிற்கிறது, 1.5 மில்லிமீற்றருக்கு மேல் கீழே கொண்டுவர வேண்டும். அதற்குப் பக்கத்து வேட்டைப்பல் நன்றாகத் திரும்பியிருக்கிறது. ஆய்வுகூடம் அனுப்பிய முதல் வரைவில் அந்த வெட்டுப்பல்லில் அட்டாச்மென்டே இல்லை, இரண்டு பக்கமும் இடமும் விடவில்லை. அது வராது என்று எனக்கே தெரியும். அதனால் ஸ்கானோடும் எக்ஸ்ரேயோடும் கேள்விகளையும் எழுதி அனுப்பினேன். முதலில் இடம் எடுக்கவா, எவ்வளவு தேய்ப்பது, வேட்டைப்பல்லை அதே நேரத்தில் திருப்பவா அல்லது பிறகா, பட்டன் ஒட்டி இலாஸ்டிக் போட வேண்டி வருமா என்று.

பதில் இரண்டு பக்க அறிக்கையாக வந்தது. முதல் பக்கத்தில் பச்சை நிறத்தில் "அங்கீகரிக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு முத்திரை. என் பெயரில் எழுத்துப் பிழை. இரண்டாம் பக்கத்தில் நாலைந்து வரி. அதில் ஒரு வரி: பல் பிடுங்கிய இடைவெளிகள் திருப்திகரமாக மூடப்படுகின்றன. என் நோயாளியின் வாயில் ஒரு பல்லும் பிடுங்கப்படவில்லை. பிடுங்குகிற திட்டமும் இல்லை. நான் கேட்ட கேள்வி ஒன்றுக்கும் பதில் இல்லை. யாரோ ஒருவருக்கு எழுதிய அறிக்கையில் பெயரை மாற்றி எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த முத்திரையை நம்பி ஒரு இளம் வைத்தியர் அந்த வரைவுக்கே தட்டுகளைச் செய்வித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சில தட்டுகளுக்குள்ளேயே பல்லின் நுனிக்கும் தட்டுக்கும் இடையில் வெளி தெரியத் தொடங்கும். பல் பின்தங்கும், அதற்குப் பிறகு வருகிற எந்தத் தட்டும் பொருந்தாது. திரும்ப ஸ்கான், திரும்பத் திட்டம், திரும்பக் காசு. அந்தப் பிள்ளையின் தாய் தகப்பன் சீட்டுக் கட்டி, நகை அடகு வைத்துக் கொண்டுவருகிற காசு அது. என்னுடைய 285,000 ரூபாயைவிட எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

கடைசியில் அந்தக் கேஸைப் பார்த்துத் தந்தவர், பேராதனையில் எனக்கு மேல் வகுப்பில் படித்த ஒரு அண்ணன். தொலைபேசியில் திரையைப் பகிர்ந்து ஒரு பின்னேரம் முழுக்க இருந்தார். "முதல்ல அந்தப் பல்லுக்கு ரெண்டு பக்கமும் இடம் எடு. இடமில்லாமல் எப்பிடி இறங்கும்? பிறகு கிடையா ஒரு அட்டாச்மென்ட் போடு. வேட்டைப்பல்லை ஆறுதலாத் திருப்பு, அவசரப்படாதே" என்று ஒவ்வொரு கட்டமாகச் சொன்னார். ஒரு சதம் வாங்கவில்லை. மேற்பார்வை என்றால் அதுதான். இவர்கள் விற்றது வெறும் முத்திரை.

அறிக்கையை வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கியதும் ஆட்கள் மாறினார்கள். முதலில் உரும்பிராய்க்காரி, "சேர் ஒரு கொன்பரன்ஸிலை நிக்கிறார், வந்தவுடன் உங்களோட கதைப்பார்" என்றார். சேர் வரவே இல்லை. பிறகு என் குறுஞ்செய்திகளுக்கு நீலக் கோடு விழும், பதில் வராது. முறைப்பாட்டை மின்னஞ்சலில் போடச் சொன்னார்கள். போட்டால் ஒரு இலக்கமும், "உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது" என்கிற தானியங்கிப் பதிலும். அதற்கு மேல் கேட்டபோது வேறொருவர் ஆங்கிலத்தில் வந்தார். முந்தைய ஒருங்கிணைப்பாளர் இப்போது வேலையில் இல்லை, அவர் வாயால் சொன்ன உறுதிமொழிக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்றார். நான் காணொளிகளைத் திறந்துவிட்டதால் பணம் திரும்பத் தர விதியில்லை என்றார். அதே கடிதத்தில், உயர்நிலைப் பயிற்சிக்கு எனக்கு முப்பது வீதக் கழிவு தருவதாகவும் எழுதியிருந்தார். 285,000 ரூபாயைத் தின்றுவிட்டு இன்னும் கேட்கிறார்கள்!

பயிற்சிக்குச் சேர்ந்தவர்களின் வட்ஸ்அப் குழுவில், "யாருக்காவது கேஸ் உண்மையாகப் பார்த்துத் தந்தார்களா?" என்று ஒரு வரி போட்டேன். சிறிது நேரத்தில் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். அதற்குள் பார்த்தவர்கள் சிலர் தனியாக எழுதினார்கள். மட்டக்களப்பில் இருந்து எழுதிய ஒரு தங்கச்சிக்கு வந்த அறிக்கையிலும் அதே பிடுங்கிய இடைவெளி வரி இருக்கிறது. அவரின் நோயாளிக்கும் பல் பிடுங்கவில்லை.

வங்கிக்குப் போனேன். நானாக விரும்பி இன்னொருவர் கணக்குக்கு மாற்றிய பணம், பொலிஸ் முறைப்பாடு இல்லாமல் ஒன்றும் செய்ய இயலாது என்றார்கள். கொழும்புப் பிரதிநிதியின் எண் இப்போது வேலை செய்வதில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

காசு கட்ட முதல் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தனிப்பட்ட ஆளின் கணக்குக்கு ஒரு ரூபாயும் போடாதீர்கள். கழிவு தந்தாலும் கடனட்டையிலேயே கட்டுங்கள், பிரச்சினை வந்தால் வங்கி மூலம் மறுப்புத் தெரிவிக்க ஒரு வழி இருக்கும். கேஸ் பார்க்கப்போகிறவர் யார், எந்த நாட்டு வைத்திய சபையில் பதிந்தவர் என்று எழுத்தில் வாங்கிச் சரிபாருங்கள். ஏற்கெனவே பார்த்துக் கொடுத்த ஒரு கேஸை, நோயாளியின் விவரம் இல்லாமல், முதலிலிருந்து கடைசிவரை காட்டச் சொல்லுங்கள்; காட்ட மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். பேச்சில் சொன்ன உறுதிமொழியை மின்னஞ்சலில் போடச் சொல்லுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். எனக்கு வந்த அறிக்கையை நோயாளி விவரங்களை அழித்துவிட்டு அனுப்புகிறேன், உங்களுடையதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை பேரிடம் அதே வரி இருக்கிறதோ, பொலிஸுக்குக் கொடுக்கிற கோப்பில் அத்தனையையும் சேர்க்கப் போகிறேன். புதிய தொகுதிக்கு இந்த மாதக் கடைசி வரை பதிகிறார்களாம், விலை இப்போது 320,000 ரூபா.