வகுப்பறையில் வளர்த்துக் காட்ட எது: வண்ணத்துப்பூச்சியா, மாவுப்புழுவா (ஒருவகை வண்டின் புழு)?

முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என நான்கு நிலைகளும் இரண்டிலும் உண்டு.

காலம்: வண்ணத்துப்பூச்சிக்கு இனத்தைப் பொறுத்து 4 முதல் 6 வாரம். மாவுப்புழு வண்டாக மூன்று மாதத்துக்கு மேல். குளிரில் இன்னும் இழுக்கும். வளர்ந்த புழுக்களோடு தொடங்கினால் காத்திருப்பு குறையும்.

தீனி: வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கு அதற்கே உரிய செடியின் இலை, தினமும் புதிதாக. மருந்தடித்த இலை ஒன்று போதும், மொத்தமும் செத்துவிடும். மாவுப்புழுவுக்கு 4 செ.மீ. கோதுமைத் தவிடு, மேலே ஒரு கேரட் துண்டு. தண்ணீர் வைக்காதீர்கள், தவிடு பூஞ்சை பிடிக்கும்.

கெடும் இடம்: கூட்டிலிருந்து வரும் வண்ணத்துப்பூச்சி சிறகு கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கித்தான் சிறகுக்குள் உடல்திரவத்தைச் செலுத்தி விரிக்கும். கூண்டில் பிடிமானமோ உயரமோ இல்லையென்றால் சிறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும், பிறகு சரியாகாது. மாவுப்புழுவில், கூட்டுப்புழுக்களை மற்றவை கடித்துத் தின்னும். தனி டப்பாவுக்கு மாற்றுங்கள்.

பார்வைக்கு: சிறகு விரியும் காட்சிக்கு ஈடில்லை. ஆனால் வெள்ளையாக வெளிவரும் வண்டு சில நாளில் பழுப்பாகிக் கறுப்பதும் லேசுப்பட்டதல்ல.

சிறு வகுப்பு, ஒரு மாதம், தினமும் இலை பறிக்க ஆள் இருந்தால் வண்ணத்துப்பூச்சி. அளந்து, எடைபோட்டு, அட்டவணை போடும் பெரிய வகுப்புக்கு மாவுப்புழு. வார விடுமுறையில் அதைப் பூட்டிவிட்டுப் போகலாம்.