நாய்களுக்கான யூரின் ஸ்ட்ரிப்: பத்துக் கட்டத்தில் பாதிதான் உருப்படி

நாய்க்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று விற்கிறார்களே, மூத்திரத்தில் நனைத்தால் நிறம் மாறுகிற அந்தப் பத்துக் கட்ட ஸ்ட்ரிப்பைப் பற்றித்தான் இது. எங்கள் ஜூலிக்கு எட்டு வயது, கருத்தடை செய்த பெண் நாய். அடிக்கடி வெளியே போகக் கதவைப் பிராண்டுவாள். போனால் குந்திக் குந்தி நாலு சொட்டு, அப்புறம் ஓயாமல் பின்பக்கத்தை நக்கல். படுக்கையிலும் ஈரம்.

சாம்பிள் பிடிப்பதுதான் பெரும்பாடு. கிண்ணத்தை நீட்டினால் பாதியிலேயே எழுந்துவிடுவாள். நீளக் காம்புள்ள பழைய கரண்டியைப் பின்னாலிருந்து நைசாக நுழைத்தால் கிடைக்கும். நனைத்த பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். தாமதமானால் நிறம் மாறி ஏமாற்றிவிடும்.

ரத்தக் கட்டத்தில் மஞ்சள் மேல் பச்சைப் புள்ளிகள் விழுந்தன. பிஹெச் (அமிலமா காரமா என்கிற அளவு) கட்டம் 8க்குப் போய் நீலப்பச்சை ஆனது. வெள்ளை அணுக் கட்டமும் நைட்ரைட் கட்டமும் அசையவே இல்லை. அவை இரண்டும் மாறாவிட்டால் தொற்று இல்லை என்கிறது உள்ளே இருந்த தாள். நாயின் படத்தை அட்டையில் போட்டுவிட்டு இப்படி எழுதியிருப்பதுதான் எனக்கு ஆத்திரம்.

டாக்டர் ஸ்ட்ரிப்பைப் பார்த்துவிட்டு, வயிற்றில் மெல்லிய ஊசி போட்டு நேராகச் சிறுநீர்ப்பையிலிருந்தே எடுத்தார். வெளியிலிருக்கும் கிருமி கலக்காமல் இருக்க அதுதான் வழியாம். மைக்ராஸ்கோப்பில் சீழ் அணுக்கள், அதாவது அதே வெள்ளை அணுக்கள், மொய்த்தன. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. வெள்ளை அணுக் கட்டம் மனிதர்களுக்காகச் செய்தது; நாய்களில் தொற்று இருந்தாலும் பல சமயம் காட்டாது. பூனைகளில் நேர்மாறு, ஒன்றும் இல்லாமலே காட்டும். நைட்ரைட்டைக் கிருமிதான் உண்டாக்கும், அதற்கு மூத்திரம் சில மணி நேரமாவது பையில் தங்க வேண்டும். நிமிஷத்துக்கு ஒரு தரம் குந்துகிற நாயிடம் அது எங்கே தங்கும்?

டாக்டர் மதித்தது பிஹெச்சை. இந்தக் கிருமி யூரியாவை உடைத்து மூத்திரத்தைக் காரமாக்கும், அதில் ஸ்ட்ரூவைட் என்கிற மூத்திரக் கல் சேரும். அதனால் எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். கல் இல்லை, நல்ல காலம். அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 5 நாள் கொடுத்தார். எப்போதாவது வருகிற சாதாரணத் தொற்றுக்கு 3 முதல் 5 நாள் போதும் என்பதுதான் 2019 சர்வதேச வழிகாட்டுதல். முன்பெல்லாம் இரண்டு வாரம் வரை கொடுப்பார்களாம். வலிக்கு எழுதியதும் நாய்களுக்கென்றே உள்ள மருந்துதான். நாம் போடுகிற ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம்.

சரி, ஸ்ட்ரிப் வீணா? பாதி வீண். அடர்த்திக் கட்டம் நாய்க்குச் சரிவராது, அதை அளக்க டாக்டரிடம் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி இருக்கிறது. யூரோபிலினோஜென் கட்டம் சும்மா இடத்தை அடைக்கிறது. பிலிரூபின் (பித்த நிறமி) லேசாகக் காட்டினால் பதற வேண்டாம், ஆண் நாய்களுக்குக் கொஞ்சம் இருப்பது சகஜம். சர்க்கரை, கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருவது), ரத்தம், பிஹெச், புரதம் ஆகிய ஐந்தும் உதவும். முக்கியமாகச் சர்க்கரை: தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கிற, தொற்று திரும்பத் திரும்ப வருகிற நாய்க்கு நீரிழிவு இருக்கலாம், அதை இது நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுக்கிறேன். நீரிழிவு நாய் வைத்திருப்பவர்கள் சர்க்கரையும் கீட்டோனும் மட்டும் உள்ள சின்ன டப்பாவை வாங்கிக்கொள்ளுங்கள். ஆண் நாய் முக்கி முக்கிப் பார்த்தும் ஒரு சொட்டும் வராவிட்டால் கரண்டியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அடைப்பாக இருக்கலாம், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.